நனைந்தே கிடந்த செங்கல் சுவர்: பெயின்ட்டை உரித்துச் சுண்ணாம்புக்குத் திரும்பிய ஒரு வீடு

முதல் முறை அந்த வீட்டைப் பார்க்கப் போனபோது மழை நின்று 11 நாள் ஆகியிருந்தது. மழைக்காற்று நேராக மோதும் பக்கத்துச் சுவரில், என் இடுப்பு உயரத்தில், உள்ளங்கை அகலத்துக்குப் பெயின்ட் உப்பி நின்றது. பேனாக்கத்தி முனையால் அதைக் கீறினேன். உள்ளிருந்து தண்ணீர் மெல்லிய கோடாக இறங்கி, கீழ்வரிசைக் கல்வரை வழிந்தது. 11 நாள் வெயில் அடித்தும் அது வெளியேற வழி கிடைக்காமல் பெயின்ட்டுக்குப் பின்னால் தேங்கியிருந்தது. கீறிய இடத்தைச் சுற்றி விரலால் அழுத்தினால் செங்கல்லின் முகம் ஈரமான பிஸ்கட் போல உதிர்ந்தது.

வீட்டுக்காரர் பக்கத்தில்தான் நின்றிருந்தார். "போன தடவை அடிச்சது மட்டமான பெயின்ட்டுன்னு எல்லாரும் சொல்றாங்க சார். இப்ப ரப்பர் மாதிரி கனமா ஒண்ணு வருதே, அதை ரெண்டு கோட்டிங் அடிச்சிட்டா சரியாயிடுமா?"

பலரும் கேட்கும் கேள்விதான் இது. ஒரு மாதத்துக்கு எதையும் அடிக்க வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

வீட்டின் வரலாறு

தரைத்தளமும் மேல்தளமும் உள்ள வீடு. ஒரு செங்கல் கனத்தில், அதாவது ஒன்பது அங்குலத்தில் கட்டிய சுவர். நடுவில் காற்று இடைவெளி கிடையாது. வெளிப்பக்கம் பூச்சுவேலை இல்லை, செங்கல்லின் மேல் நேரடியாகப் பெயின்ட். கட்டும்போது பயன்பட்டது சுண்ணாம்புச் சாந்து. அதைக் கண்டுபிடிக்கக் கஷ்டப்படவில்லை. பெயின்ட் உரிந்த ஓர் இடத்தில் சாந்தை ஆணியால் சுரண்டினால் வெள்ளையாகப் பொடிந்தது. அந்தப் பொடியில் ஒரு சொட்டு நீர்த்த அமிலம் விட்டதும் நுரைத்துப் பொங்கியது.

9 ஆண்டுகளுக்கு முன் வீட்டைப் 'புதுப்பித்திருக்கிறார்கள்'. கற்களுக்கு இடைப்பட்ட சந்துகளைச் சுரண்டிச் சிமென்ட் கலவையால் பாயின்டிங் செய்தார்கள். அதே ஆண்டு, தண்ணீர் புகாது என்று சொல்லி அக்ரிலிக் பெயின்ட் அடித்தார்கள். நான்கு ஆண்டு எல்லாம் அழகாக இருந்தது. ஐந்தாவது ஆண்டு உப்பல். ஏழாவது ஆண்டு உப்பிய இடங்களை மட்டும் சுரண்டி, அதன்மேல் இன்னும் கனமாக ஒரு பெயின்ட். நான் போனபோது மழைப்பக்கச் சுவரில் மட்டும் 60-க்கு மேற்பட்ட கற்களின் முகம் செதில் செதிலாகக் கழன்றிருந்தது. வீட்டுக்குள்ளே அதே சுவரில் உப்புப் பூத்து, அலமாரியின் பின்பலகை கறுத்துவிட்டது.

பெயின்ட்டின் தரத்தில் எனக்குக் குறை தெரியவில்லை. ஒட்டியிருந்த இடத்தில் அது இப்போதும் உறுதியாகவே இருந்தது. அதனால்தான் பிரச்சினை வேறு என்று தோன்றியது.

சுவர் எங்கே குடிக்கிறது?

சுவரின் மேல் ஒட்டவைத்து, அதில் நீர் நிரப்பி, எவ்வளவு வேகத்தில் மட்டம் இறங்குகிறது என்று பார்க்க அளவுக்கோடு போட்ட ஒரு கண்ணாடிக் குழாய் உண்டு. கார்ஸ்டன் குழாய் என்பார்கள். எளிய கருவி, ஆனால் இந்த வீட்டில் அது சொன்ன அளவுக்கு வேறு எதுவும் சொல்லவில்லை.

பெயின்ட் நன்றாக இருந்த ஒரு கல்லின் நடுவில் ஒட்டினேன். 20 நிமிடம் காத்திருந்தும் நீர்மட்டம் அசையவில்லை. வீட்டுக்காரர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது: "பாத்தீங்களா, தண்ணி போகவே இல்ல." அடுத்து அதே கல்லின் ஓரத்தில், கல்லும் சிமென்ட் பாயின்டிங்கும் சேரும் கோட்டின் மேல் ஒட்டினேன். அங்கே பெயின்ட்டில் மயிரிழை அளவுக்கு ஒரு வெடிப்பு. குனிந்து பார்த்தால்தான் தெரியும். குழாய் கண்முன்னே காலியானது. மறுபடி நிரப்பினேன், மறுபடியும் காலியானது.

இந்த இரண்டு சோதனைகளுக்குள் முழு வழக்கும் அடங்கியிருந்தது. சிமென்ட் கலவை காய்ந்து இறுகும்போது சுருங்குகிறது. பழைய மென்மையான செங்கல்லை விட்டுக் கொஞ்சம் விலகுகிறது. பிறகு வெயிலிலும் குளிரிலும் கல் ஒரு விதமாக, சிமென்ட் ஒரு விதமாக நீண்டு சுருங்க, அந்த விலகல் நிரந்தர வெடிப்பாகிறது. மழை அந்த மயிரிழை வழியே நுண்துளை ஈர்ப்பால் உள்ளே போகிறது. வெடிப்பு எவ்வளவு மெல்லியதோ அவ்வளவு வலுவாக உறிஞ்சும். உள்ளே போன தண்ணீர் வெளியே வர வேண்டுமானால் ஆவியாக வர வேண்டும்; அதற்குச் சுவரின் முழுப் பரப்பும் தேவை. அந்தப் பரப்பைத்தான் பெயின்ட் மூடிவிட்டது. கோடு வழியாகக் குடித்ததை, பரப்பு வழியாக வெளியேற்ற முடியவில்லை.

'சுவர் மூச்சுவிட வேண்டும்' என்று இதைச் சொல்வது வழக்கம். எனக்கு அந்தச் சொல்லாட்சி பிடிக்காது. காற்று உள்ளே வெளியே போவதாக ஒரு படம் மனத்தில் வந்துவிடுகிறது; பிறகு ஜன்னலைத் திறந்துவைத்தால் போதாதா என்று கேட்பார்கள். இங்கே நடப்பது காய்தல். செங்கல் சுவர் எந்தக் காலத்திலும் கொஞ்சம் நனையும். அடுத்த மழைக்குள் காய்ந்துவிடுகிறதா என்பதே கணக்கு.

பூச்சு எவ்வளவு நீராவியை விடும் என்பதற்கு ஓர் அளவு இருக்கிறது. எத்தனை மீட்டர் தடிமனான அசையாத காற்று தரும் தடைக்கு அந்தப் பூச்சு சமம் என்று கணக்கிடுவார்கள். ஐரோப்பியத் தரநிலையில் 0.14 மீட்டருக்குக் குறைவானால் தாராளமாக விடும் வகை, 1.4 மீட்டருக்கு மேல் போனால் அடைக்கும் வகை. சுண்ணாம்பு வெள்ளை முதல் வகையில் வருகிறது. கனமான ரப்பர் வகைப் பெயின்ட்டுகள் பலவும், அதிலும் இரண்டு மூன்று தலைமுறைப் பெயின்ட் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிய பிறகு, கடைசி வகைக்கு நகர்ந்துவிடுகின்றன. டப்பாவின் மேல் உள்ள 'தண்ணீர் புகாது' என்ற வரியை எல்லோரும் படிக்கிறார்கள். நீராவியை எவ்வளவு விடும் என்ற வரியைக் கேட்டு வாங்கியவர் யாரையும் நான் இன்னும் பார்க்கவில்லை.

ஒரு செதில்

உதிர்ந்து கிடந்த பெயின்ட் செதில் ஒன்றை எடுத்து, உடைந்த விளிம்பைப் பத்து மடங்கு உருப்பெருக்கியில் பார்த்தேன். வெளியே பளபளப்பான இரண்டு அடுக்கு அக்ரிலிக். அதற்கும் கீழே மெல்லிய ப்ரைமர். அதற்குக் கீழே புத்தகத் தாள்களை அடுக்கியது போல வெள்ளை வரிகள். ஒன்பதோ பத்தோ எண்ண முடிந்தது. இடையில் ஒன்றிரண்டு லேசான மஞ்சள். ஊசிமுனையால் தொட்டால் வெள்ளை வரிகள் மாவாக வந்தன.

அதாவது இந்த வீடு கட்டிய நாளிலிருந்து வெள்ளையடித்தே வந்திருக்கிறார்கள். குறைவாகச் சுட்ட, மென்மையான இந்தச் செங்கல்லை வெறுமனே மழையில் நிறுத்தக் கூடாது என்று கட்டியவருக்குத் தெரிந்திருந்தது. பத்து முறையாவது யாரோ சாரம் கட்டி, பிரஷ் எடுத்து, அந்த மெல்லிய அடுக்கைப் போட்டிருக்கிறார்கள். அந்தச் செதிலைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். வீட்டுக்காரரிடம் காட்டியபோது அவரும் ஒன்றும் பேசவில்லை.

பெயின்ட் ஏன் அகன்ற தகடுகளாக உரிகிறது என்பதற்கும் அந்தச் செதிலிலேயே பதில் இருந்தது. அக்ரிலிக் காயும்போது இழுத்து இறுகும். அதன் பிடி கல்லில் இல்லை, மாவாகிக்கிடந்த பழைய வெள்ளையில்தான் இருந்தது. இறுக்கமான தோலைத் தளர்வான பொடியின்மேல் ஒட்டினால், பின்னாலிருந்து ஈரமும் தள்ளும்போது அது தாங்காது.

மற்ற மூன்று தண்ணீர்கள்

பெயின்ட்டை மட்டும் குற்றவாளியாக்கியிருந்தால் ஆய்வு தவறியிருக்கும். மொட்டைமாடி மழைநீர்க் குழாயின் ஒரு இணைப்பு, சுவரை ஒட்டிய பின்பக்கத்தில் பிளந்திருந்தது. முன்னால் நின்று பார்த்தால் தெரியாது. ஜன்னல் அடிக்கல்லின் கீழே, தண்ணீர் சொட்டி விழுவதற்காக வெட்டியிருந்த காடியைப் பெயின்ட்டும் சிமென்ட்டும் அடைத்திருந்தன. அதனால் தண்ணீர் சுவரோடு ஒட்டிக்கொண்டு இறங்கியது. வீட்டைச் சுற்றிப் போட்ட புதுக் கான்கிரீட் நடைபாதை, சுவரின் அடியில் இருந்த ஈரத்தடுப்பு அடுக்குக்கு மேலே ஏறியிருந்தது. நிலத்து ஈரம் அந்த அடுக்கைத் தாண்டி மேலே வர அதுவே போதும். இவற்றைச் சரிசெய்யாமல் எந்தப் பூச்சை மாற்றினாலும் வேலை வீண்தான்.

கல் ஏன் உதிர்ந்தது?

இது பனி உறையும் இடமில்லை. உறையும் இடமாக இருந்தால் பதில் சுலபம்: தண்ணீர் பனிக்கட்டியாகும்போது சுமார் 9 சதவீதம் பருக்கிறது, நனைந்த கல் வெடிக்கிறது. இங்கே அந்த வேலையை உப்பு செய்தது.

செங்கல்லிலும் நிலத்து நீரிலும் சிமென்ட்டிலும் கரையும் உப்புகள் உண்டு. தண்ணீர் சுவரின் வெளிமுகம்வரை வந்து ஆவியானால் உப்பு வெளியே வெள்ளையாகப் பூக்கும். துடைத்துவிடலாம், கெடுதி அதிகமில்லை. தண்ணீர் பெயின்ட்டுக்குப் பின்னாலேயே நின்று, வெடிப்புகளின் ஓரமாக மட்டும் மெல்லக் காய்ந்தால், உப்பு கல்லின் தோலுக்குச் சற்று உள்ளேயே படிகமாகும். சோடியம் சல்ஃபேட் இதில் மிகக் கொடியது. 32.4 டிகிரி செல்சியஸுக்குக் கீழே ஈரம் கிடைத்தால் அதன் உலர் படிகம் பத்து மூலக்கூறு நீரைச் சேர்த்துக்கொண்டு மூன்று மடங்குக்கும் மேல் பருமனாகிறது. கல்லின் நுண்துளைக்குள் இது ஒவ்வொரு மழைக்கும் வெயிலுக்கும் திரும்பத் திரும்ப நடக்கிறது. கழன்ற செதிலின் பின்பக்கத்தில் உருப்பெருக்கி வைத்தால் பஞ்சு போன்ற வெண்ணிற ஊசிகள் தெரிந்தன. தோலை உள்ளிருந்து தள்ளியவை அவைதான்.

சிமென்ட் பாயின்டிங்கும் இதற்குத் துணைபோனது. சுண்ணாம்புச் சாந்து கல்லைவிட மென்மையானது, நுண்துளை அதிகம்; ஈரமும் உப்பும் அதன் வழியாக வெளியேறும், சேதம் வந்தாலும் சாந்துக்கு வரும். சாந்தை மறுபடி நிரப்பிக்கொள்ளலாம். போர்ட்லாண்ட் சிமென்ட்டுக்கு ஜோசப் ஆஸ்ப்டின் காப்புரிமை பெற்றது 1824-இல். அதற்கு முன்னும், அதற்குப் பிறகு பல பத்தாண்டுகளும், உலகின் பெரும்பாலான செங்கல் வீடுகள் சுண்ணாம்பில்தான் எழுந்தன. அவற்றின் சந்துகளில் கடினச் சிமென்ட்டை அடைக்கும்போது பலியாவது கல்.

உரித்தல்

பெயின்ட்டை எடுக்க ஒப்பந்தக்காரர் மணல் வீச்சு முறையைச் சொன்னார். இரண்டு நாளில் முடிந்துவிடும் என்றார். பின்பக்கச் சுவரில் நான்கு கல்லில் மட்டும் செய்துகாட்டச் சொன்னேன். பார்க்கச் சுத்தமாக, செக்கச்செவேல் என்று இருந்தது. வீட்டுக்காரருக்குப் பிடித்துப்போயிற்று. பிறகு பெயின்ட் தானாக உரிந்திருந்த ஒரு கல்லிலும், மணல் வீசிய கல்லிலும் ஒவ்வொரு சொட்டுத் தண்ணீர் வைத்தேன். முதல் கல்லில் சொட்டு சற்று நேரம் மணியாக நின்று மெதுவாகப் பரவியது. மணல் வீசியதில் வைத்த கணமே காணாமல் போயிற்று. சூளையில் வெந்து இறுகிய மேல்தோல்தான் செங்கல்லின் கவசம். மணல் அதைத் தின்றுவிடுகிறது. அதைத் திரும்ப வளர்க்க வழியில்லை. அமிலம் ஊற்றிக் கழுவலாம் என்ற யோசனையும் வந்தது. ஹைட்ரோகுளோரிக் அமிலம் சுண்ணாம்புச் சாந்தைக் கரைத்துவிட்டு, ஏற்கெனவே உப்பால் சாகும் சுவருக்குக் குளோரைடு உப்பையும் கொடுத்துவிட்டுப் போகும்.

கடைசியில் களிம்பு வகைப் பெயின்ட் நீக்கியைப் பூசி ஊறவைத்து, குறைந்த அழுத்த நீராவியால் தளர்த்தி, மரக்கரண்டியால் வழித்தெடுத்தோம். பழைய வீடு என்பதால் அடியில் ஈயம் கலந்த பெயின்ட் இருக்கிறதா என்று முதலிலேயே சோதித்துக்கொண்டோம், இல்லை. உலர்ந்த நிலையில் தேய்க்கவே இல்லை. 2 நாள் என்ற வேலை 5 வாரம் இழுத்தது. நூற்றுக்கு நூறு எடுக்கவும் முடியவில்லை. கல்லின் குழிகளில் அங்கங்கே பெயின்ட் தங்கிவிட்டது. இன்னும் அழுத்தித் தேய்த்தால் கல் போய்விடும் என்ற இடத்தில் நிறுத்தச் சொன்னேன். அது பிறகு எங்களைத் தேடிவந்தது.

சிமென்ட் பாயின்டிங்கை உளியும் சுத்தியலும் கொண்டே எடுத்தோம். கிரைண்டர் வேகமானது, ஆனால் நேர்நிற்கும் குட்டைச் சந்துகளில் மேலும் கீழும் உள்ள கல்லை வெட்டிவிடும். சுமார் ஒரு அங்குல ஆழத்துக்குச் சுரண்டி, ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு மணல் கலந்த சாந்தை நிரப்பி, சில நாள் ஈரச்சாக்கு போர்த்தி வைத்தோம். முகம் கழன்ற கற்களில் 23-ஐ மட்டும் மாற்றினோம். மற்றவை பலவும் பார்க்க அசிங்கமாக இருந்தாலும் உடம்பு உறுதியாக இருந்தது.

காத்திருந்த ஐந்து மாதம்

சுவர் ஓர் அங்குலம் காய ஒரு மாதம் என்று ஒரு பழைய தோராயக் கணக்கு உண்டு. இரண்டு பக்கமும் திறந்த ஒன்பது அங்குலச் சுவருக்கு நான்கு, ஐந்து மாதம். வீடு தழும்புகளோடு நின்ற அந்த மாதங்கள் வீட்டுக்காரருக்கு எளிதாக இல்லை. வருகிற போகிறவர்கள் எல்லாம் கேட்டார்கள். இரண்டாவது மாதம் சுவர் முழுக்க வெள்ளை உப்புப் பூத்தபோது பதறிப்போய் அழைத்தார். நான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தது அதைத்தான்: உள்ளே அடைபட்டிருந்தது வெளியே வருகிறது. தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டாம், மீண்டும் கரைந்து உள்ளே போய்விடும். காய்ந்த பிரஷ்ஷால் தட்டி, கூட்டி அள்ளிவிடுங்கள் என்றேன். மூன்று முறை அப்படிச் செய்தார். நான்காவது முறை பூக்கவில்லை.

சுண்ணாம்பு

சுண்ணாம்புக்கல்லைச் சுமார் 900 டிகிரியில் சுட்டால், 100 கிலோவுக்கு 44 கிலோ கரியமில வாயு வெளியேறி 56 கிலோ சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும். அதைத் தண்ணீரில் நீற்றினால் கொதித்துப் பொங்கி நீறாகும். அந்த நீற்றைப் பால் பதத்துக்குக் கரைத்துச் சுவரில் பூசினால், காற்றில் இருக்கும் கரியமில வாயுவைத் திரும்ப உறிஞ்சி மறுபடியும் கல்லாகிறது. வெள்ளையடித்த சுவரின் மேல் நிற்பது, நுண்துளைகளோடு கூடிய சுண்ணாம்புக்கல்லின் மிக மெல்லிய தோல். மழை பட்டால் நனையும், வெயில் பட்டால் காயும், பின்னால் இருக்கும் ஈரத்தையும் விட்டுவிடும். சற்றே கரைந்து, படிந்து, மயிரிழை வெடிப்புகளைத் தானே ஓரளவு மூடிக்கொள்ளவும் செய்யும்.

இத்தனையும் தெரிந்திருந்தும் முதல் மாதிரிப் பூச்சில் நான் பிழை செய்தேன். மழைப்பக்கச் சுவரில் பிற்பகல் இரண்டு மணிக்கு, வெயில் நேராக விழும்போது ஒரு சதுர மீட்டர் அடிக்கச் சொன்னேன். சுவரை நனைத்தோம், ஆனால் ஒரே முறை தெளித்ததோடு சரி. அரை மணியில் பளிச்சென்று வெளுத்தது. மறுநாள் உள்ளங்கையை வைத்தால் கை முழுக்க வெள்ளை. கல்லாவதற்குக் கொஞ்சம் ஈரம் தேவை. கரியமில வாயு தண்ணீரில் கரைந்துதான் சுண்ணாம்போடு சேர்கிறது. அதற்குள் காய்ந்துவிட்டால் மிஞ்சுவது பொடி. அந்த ஒரு மீட்டரைத் தேய்த்தெடுத்து மறுபடி தொடங்கினோம்.

பிறகு வேலையைச் சுவரின் நிழலோடு நகர்த்தினோம். முந்தின மாலை ஒரு முறை, அடிப்பதற்கு முன் ஒரு முறை என்று கல் குளிரும்வரை தெளித்தோம். தண்ணீர் மினுங்கி நிற்கக் கூடாது, கல் தாகத்தோடும் இருக்கக் கூடாது. கரைசல் நீர்த்தே இருக்க வேண்டும். ஈரமாக இருக்கும்போது முதல் கையில், அதாவது முதல் பூச்சில், செங்கல் அப்படியே தெரியும். அடித்தவருக்கே அடித்தோமா என்று சந்தேகம் வரும். கெட்டியாக அடிக்கக் கை துறுதுறுக்கும் இடம் அதுதான். கெட்டியாக அடித்தால் வெடித்து உதிரும். ஒவ்வொரு கைக்கும் நடுவே ஒரு நாள் விட்டு, ஐந்து கை அடித்தோம். கடைசி இரண்டு கையில் கொஞ்சம் மஞ்சள் காவிமண் சேர்த்தோம். செதிலில் பார்த்த அந்த லேசான மஞ்சள்தான் வீட்டுக்காரரின் விருப்பம். காவிபோன்ற இரும்பு ஆக்சைடு மண்நிறங்கள் சுண்ணாம்பின் காரத்தைத் தாங்கும். சாதாரண நிறமிகள் பல வெளுத்துவிடும்.

அந்தக் காரம் மனிதருக்கும் ஆபத்து. சுண்ணாம்புக் கரைசலின் பி.எச். மதிப்பு 12-க்கு மேல். கண்ணில் தெறித்தால் பார்வை போகலாம். தலைக்கு மேல் அடிக்கும்போது கண்ணாடி இல்லாமல் யாரையும் சாரம் ஏறவிடவில்லை. நீற்றும்போது தண்ணீரில்தான் சுண்ணாம்பைப் போட வேண்டும், சுண்ணாம்பில் தண்ணீரை ஊற்றக் கூடாது.

சிலிக்கேட் பெயின்ட்டையும் யோசிக்காமல் இல்லை. அடோல்ஃப் வில்ஹெல்ம் கைம் 1878-இல் காப்புரிமை பெற்ற வகை அது. பொட்டாசியம் சிலிக்கேட் கல்லோடு வேதிவினையில் பிணைகிறது, நீராவியையும் தாராளமாக விடுகிறது, பல பத்தாண்டு நிற்கிறது. ஆனால் ஒருமுறை பிணைந்தால் எடுக்க முடியாது. உப்பு முழுக்க வெளியேறிவிட்டதா என்று உறுதி இல்லாத இந்தச் சுவரில் திரும்ப முடியாத ஒன்றைச் செய்ய மனம் வரவில்லை. கெட்டியாகச் சுட்ட கல், சரியான சந்து, அகலமான கூரை நீட்டம் உள்ள வீட்டில், நீராவி விடும் நல்ல பெயின்ட் நீண்ட நாள் சிக்கலில்லாமல் நிற்பதையும் பார்த்திருக்கிறேன். இந்த வீடு அந்த வகையில்லை.

இரண்டு மழைக்காலத்துக்குப் பிறகு

உட்சுவரில் உப்புப் பூப்பது நின்றுவிட்டது. அலமாரியைப் பழைய இடத்திலேயே வைத்திருக்கிறார்கள். மழை பெய்தால் வெளிச்சுவர் முழுதும் கருத்து நனைகிறது. முதல் மழையில் அதைப் பார்த்து வீட்டுக்காரர் பயந்தார். இரண்டாம் நாள் மாலைக்குள் மறுபடி வெளுத்தது. இப்போது பயப்படுவதில்லை, எத்தனை மணி நேரத்தில் வெளுக்கிறது என்று அவரே குறித்துவைக்கிறார். புதிதாக எந்தக் கல்லும் முகம் கழலவில்லை.

குறைகள் உண்டு. பழைய பெயின்ட் தங்கிய குழிகளில் சுண்ணாம்பு பிடிக்காமல் காசளவு வட்டங்களாக உதிர்ந்திருக்கிறது. சுமார் 40 இடம். அங்கெல்லாம் முனையால் சுரண்டி, நனைத்து, மூன்று கை தொட்டுவிடச் சொல்லியிருக்கிறேன். சுவரில் சாய்ந்தால் சட்டையில் வெள்ளை ஒட்டுகிறது, வாசல்பக்கம் மட்டும். வெயில் படாத பக்கத்தில் ஜன்னலுக்குக் கீழே ஒரு முழ அகலத்துக்குப் பாசி படர்கிறது. அடிக்கல்லின் காடியை மறுபடி வெட்டியும் ஓரத்தில் தண்ணீர் இன்னும் சுவரைத் தொட்டுக்கொண்டே இறங்குகிறது. அடுத்த மழைக்கு முன் அந்தக் கல்லையே மாற்றுவதாக இருக்கிறோம். அதற்குச் சாரம் கட்டும்போதே மழைப்பக்கச் சுவருக்கு ஆறாவது கையும் அடித்துவிடலாம் என்று வீட்டுக்காரர் சொல்லியிருக்கிறார். அதற்கான சுண்ணாம்பை இப்போதே நீற்றித் தண்ணீருக்குள் மூடி வைத்திருக்கிறார்.